வேட்டுவன் வீட்டு முற்றம்

கொல்லுகிறவன் நெஞ்சில் இரக்கம் இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை நம் நாட்டில் கேட்டால், விடை ஆளைப் பார்த்து மாறும்! வில்லேந்தியவன் வேடனானால், "கொலைத் தொழிலன், கொடியவன்" என்பர். அதே வில் வேந்தன் கையில் இருந்தால், "வீரம், விளையாட்டு, வெற்றி" என்பர். வில்லைத் தொடாதவன், ஊன் உண்ணாதவன் என்றால், அவன் அடுத்த தெருக்காரனைத் தன் திண்ணையில் உட்காரவிடாதவனாக இருந்தாலும், "அருளாளன்" என்று பட்டம் சூட்டுவர். மூன்று தீர்ப்புகள்! மூன்றும் மனிதனின் பிறப்பையும் பீடத்தையும் பார்த்து எழுதப்பட்டவை. கொல்லப்பட்ட விலங்கைப் பார்த்து எழுதப்பட்டது ஒன்றுகூட இல்லை.

விலங்கைப் பார்த்து எழுதிய தமிழ்ப் பாட்டு உண்டா? அதைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை. பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் போற்றுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. அது புராணமாயினும் சரி, புறநானூறாயினும் சரி. ஆகவே ஏட்டை எடுத்து உரைத்துப் பார்ப்போம். பொன்னென்றால் பூணுவோம், பித்தளை என்றால் ஒதுக்குவோம்.

ஓர் அம்பும் ஐந்து உயிரும்

வேட்டைப் பாட்டு என்றதும் மேடைப் பேச்சாளர் முதலில் எடுப்பது கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைத்தான். வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டு அது. ஓரி விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியைத் தள்ளி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். ஓர் அம்பு, ஐந்து உயிர்! கேட்கக் கேட்கக் கைதட்டல் எழும். பள்ளியில் இந்தப் பாட்டை நடத்திக்கொண்டிருந்தபோது பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, யானையையும் புலியையும் யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால், உரை எழுதியோரும் உரையாற்றுவோரும் கேட்கத் தவறிய கேள்வி அது.

வன்பரணர் ஒன்றைத் தெளிவாகவே சொல்கிறார். "இவன் விலைக்காகக் கொல்பவன் போலத் தோன்றவில்லை, செல்வம் உடையவன்" என்பது அவர் கணிப்பு. அதாவது, பிழைப்புக்கு வேட்டையாடுபவன் ஒரு தரம். திறம் காட்ட வேட்டையாடுபவன் அதனினும் உயர்ந்த தரம்! பசிக்குக் கொன்றவன் தாழ்ந்தான், பகட்டுக்குக் கொன்றவன் உயர்ந்தான் என்னும் அளவுகோல் அந்த ஒரு கணிப்பிலேயே ஒளிந்திருக்கிறது.

அதே புலவர் 150-ஆம் பாட்டில் இன்னொரு வேட்டுவனைக் காட்டுகிறார். கந்தலுடுத்து, நடந்து களைத்து, மரத்தடியில் அமர்ந்திருக்கிறார் புலவர். மான் கூட்டத்தை வீழ்த்திய குருதி கழலில் படிந்திருக்க ஒருவன் வருகிறான். எழுந்து வணங்க முயன்றவரை அமர்த்துகிறான். தன் ஆட்கள் வந்து சேரும்வரைகூடக் காத்திராமல், தானே தீக்கடைந்து, இறைச்சியைச் சுட்டு, "சுற்றத்தோடு உண்ணுங்கள்" என்று கொடுக்கிறான். அணிகலனையும் கழற்றித் தருகிறான். ஊர் கேட்டால் ஊர் சொல்லவில்லை. பேர் கேட்டால் பேர் சொல்லவில்லை. வழியில் கண்டவர்கள் சொல்லித்தான், அவன் கண்டீரக் கோப்பெருநள்ளி என்று தெரிகிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நள்ளியின் பாட்டு நெஞ்சைத் தொடுகிறது, ஐயமில்லை. கொன்றது பகிர்வதற்காக என்று ஆகிறது அங்கே. ஓரியும் இறைச்சியும் பொன்னும் கொடுத்தவன்தான். ஆனால் இரு பாட்டிலும் ஒரு குறை உண்டு. யார் உண்டார் என்று புலவர் பார்த்தார்; யார் மாண்டார் என்று பார்க்கவில்லை. மான் அங்கே இறைச்சியாகவே பாட்டுக்குள் வருகிறது, மானாக வரவில்லை. பரிசில் பெற வந்தவர் கண்ணுக்குக் கொடுப்பவன் கைதான் தெரியும். இது வன்பரணர் மீது குற்றச்சாட்டு அன்று. அவர் நின்ற இடம் அது.

முற்றத்தில் நின்றவள்

அப்படியானால் மானை மானாகப் பார்த்தவர் யார்? வேந்தன் அல்லன், புலவனும் அல்லன், வேட்டுவன் மனைவி!

வீரை வெளியனார் பாடிய 320-ஆம் பாட்டுக்கு மேடையில் கைதட்டல் கிடைப்பதில்லை. மேடையில் அதை எடுப்பாரும் இல்லை. யானை வேட்டுவன் ஒருவன் வீடு. முற்றத்தில் முன்னையும் முசுண்டையும் படர்ந்து, தனியே பந்தல் வேண்டாதபடி நிழல் தருகின்றன. வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். முற்றத்தில் ஒரு பெண்மான். அது வளர்ப்பு மான், பார்வை மான். காட்டு மான்களைக் கவர்ந்து இழுப்பதற்கென்றே பழக்கி வைத்திருப்பது. வேட்டைத் தொழிலின் கருவி அது என்பதை மறவாதீர்கள்.

வந்துவிடுகிறது ஒரு காட்டுக் கலைமான்! பொறி வேலை செய்துவிட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும். கணவன் எழுவான், வில்லை எடுப்பான், அன்றைய உணவு முடிந்தது. கலையும் பிணையும் கூடி விளையாடுகின்றன. மனைவி பார்க்கிறாள். அவளுக்கு இரண்டு அச்சம். கணவன் விழித்துவிடுவானோ என்பது ஒன்று. கலை பிணையை விட்டு ஓடிவிடுமோ என்பது மற்றொன்று. ஆகவே அசையாமல் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து, காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் காடையும் வந்து தின்கின்றன. ஓட்டினால் ஓசை எழும்; ஓசை எழுந்தால் மான் பிரியும். தினை போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறாள்.

இரக்கத்துக்கு விலை உண்டு என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன பாட்டு அரிது. அவள் கொடுத்த விலை ஒரு வேளை இறைச்சியும் ஒரு பரப்புத் தினையும். மாளிகையில் இருப்பவனுக்கு அது மிகச் சிறிது. குடிசையில் இருப்பவளுக்கு அதுதான் உணவு.

அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தினை எதன்மேல் காய்கிறது? மான் தோலின்மேல்! அதே பாட்டில், வரும் பாணனுக்குச் சந்தன விறகில் சுட்ட இறைச்சி விருந்தாகக் காத்திருக்கிறது. ஆக, அவள் ஊன் மறுத்த உத்தமி அல்லள். மானைக் கொல்லும் வீட்டில் வாழ்ந்து, மான் தோலில் தானியம் உலர்த்தி, இறைச்சியைத் தானும் உண்டு பிறர்க்கும் தருபவள். அவளுக்குத்தான் "இது கொல்லும் நேரம் அன்று" என்று தெரிகிறது. கொலைக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை விலங்கின் வாழ்க்கை வகுக்கும் என்பது அவள் அறம். எந்த நூலும் அவளுக்கு அதைக் கற்பிக்கவில்லை. நாள்தோறும் மானைப் பார்த்த கண் கற்பித்தது.

நம் மலையின் குரல்கள்

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் செங்கம் இருக்கிறது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், அந்தச் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பற்றிப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்க்கு வழி சொல்வதாக அமைந்திருக்கிறது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்கிறது.

"பன்றிக்கு அஞ்சி, விளைபுனத்து நுழைவழிகளில் கற்பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போங்கள்" என்று எச்சரிக்கிறது ஓர் இடம். இன்றும் நம் மாவட்டத்து மணிலாக் கொல்லைகளில் கேட்கும் முறையீடு அதுதானே! கொல்லையைக் காக்கக் கொல்ல நேர்ந்ததைப் பாட்டு மறைக்கவில்லை. வீரம் என்று மெருகு பூசவும் இல்லை.

அதைவிடப் பெரிது, மலையில் எழும் ஓசைகளை அடுக்கிச் சொல்லும் பகுதி. புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்புப் புண் ஆற, காவலாகக் குறத்தி பாடும் பாட்டு அந்த அடுக்கில் வருகிறது. சில அடிகள் தள்ளி, மரக்கிளையில் தாவத் தெரியாத குட்டி பிளவில் விழுந்துவிட, கைநழுவவிட்ட மந்தி தன் சுற்றத்தோடு கூடி எழுப்பும் ஓலம் வருகிறது. புலவர் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தார். பெண்ணின் துயர் மேலே, மந்தியின் துயர் கீழே என்று படி அமைக்கவில்லை. மலையில் கேட்பது எதுவோ அது பாட்டில் கேட்கிறது. விலங்குக்கும் இழப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான், கொல்லும்போது கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தின் விதை இந்த அடிகளில் இருக்கிறது.

கடவுள் வருமுன்னே வந்த அறம்

இனி, பெரியபுராணம். இந்த ஏட்டின் வாசகர்க்கு அந்நூலின் மீது எனக்குள்ள அதே கணக்குகள் உண்டு. கண்ணைப் பெயர்த்துக் கல்லில் அப்பும் பக்தியை நாம் போற்றப் போவதில்லை. ஆனால் வெறுப்புக்கும் கண் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய கண்ணப்பர் கதையில், திண்ணனின் முதல் வேட்டையை விரிக்கும் பகுதியைப் படியுங்கள். ஈட்டியும் அம்பும் நாயும் வலையுமாக ஒரே ஆரவாரம். நடுவே, வேடர்கள் செய்யாதவை எவை என்று சொல்கிறார். யானைக் கன்றைத் தொடர மாட்டார்கள். விலங்கின் சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பெண்மானை அலைக்க மாட்டார்கள்.

மூன்றே விலக்குகள், ஆனால் ஒரு சட்டமே அடங்கியிருக்கிறது. குட்டியைக் கொல்லாதே என்றால், நாளைய காட்டை அழிக்காதே என்று பொருள். சினையைத் தொடாதே என்றால், ஒன்றைக் கொன்று இரண்டை இழக்காதே என்று பொருள். பல நாடுகளின் வேட்டைச் சட்டங்கள் இன்று பருவம் குறித்தும் இளம் உயிர் குறித்தும் விதிப்பவை இவற்றின் உறவினர்களே.

இதில் பகுத்தறிவாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வேட்டை நடக்கும்போது திண்ணன் காளத்தி மலையைக் காணவில்லை. பொன்முகலி ஆற்றைக் கடக்கவில்லை. குடுமித்தேவரும் இல்லை, கண் கொடுத்தலும் இல்லை. கதைக்குள் கடவுள் வருமுன்னரே அறம் வந்துவிட்டது! பக்தர்கள் கதையின் முடிவை மட்டும் பாடுகிறார்கள். நாம் கதையையே தூக்கி எறிகிறோம். இடையில், வேடர் அறம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இருவரும் செய்த இழப்பு இது.

"கொல்லாமையே மேலான அறம் அன்றோ? வள்ளுவர் சொல்லவில்லையா?" என்பார் உண்டு. சொன்னார். புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்துச் சொன்னார். துறவிக்குச் சொன்னதை எடுத்து, உழைத்து உண்ணும் குடும்பத்தின் தலையில் இழிவு முத்திரையாகக் குத்துவது வள்ளுவர் செயல் அன்று, வருணத்தின் செயல். மனமாரக் கொல்லாமை நோற்பவரை நான் மதிக்கிறேன். தட்டில் ஊன் இல்லை என்பதையே சாதிச் சான்றிதழாகக் காட்டுபவரை மதிக்க இயலாது.

இரு வகைக் கற்கள்

செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று போதும், நம் முன்னோர் விலங்கை எப்படி மதித்தனர் என்று காட்ட. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மகேந்திரவர்ம பல்லவன் காலம். கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைகளைக் காக்கப் போரிட்டு வீழ்ந்தான். கல்லில் அவன் உருவம் உண்டு. அருகில் அவன் நாயும் உண்டு. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது! விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் உண்டு. புலியோடும் பன்றியோடும் பொருது மாண்டவர்க்கு எடுத்த கற்கள் வட தமிழ்நாட்டில் பல. அவற்றில் விலங்கும் மனிதனும் நேர் நின்று பொருவதாகச் செதுக்கியிருப்பர். எதிரியைச் சிறுமைப்படுத்தாத சிற்பம் அது. நம் ஊர் இரமணாசிரமத்திலும் 1948-இல் இறந்த இலட்சுமி என்னும் பசுவுக்கும், மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் நினைவிடங்கள் உள்ளன. அதைப் புதுமை என வியப்போர், எடுத்தனூர்வரை ஒருமுறை போய் வரலாம்.

இன்னொரு வகைக் கல்லும் உண்டு. அது இராசத்தானத்துப் பரத்பூரில் நிற்கிறது. இன்று பறவைகள் சரணாலயமாக உள்ள அந்த நீர்நிலையில் நடந்த வேட்டைகளின் கணக்கு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273! பெயர் இல்லை, பகிர்வு இல்லை, தேவை இல்லை. எண்ணிக்கை மட்டும் உண்டு. ஓரியின் அம்பு துப்பாக்கியானால் விளைவது இதுதான். 1947-இல் நடு இந்தியாவின் கொரியா சமத்தானத்து அரசர் ஓரிரவில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். 1952-இல் அந்த இனமே இந்தியாவில் அற்றுப்போனது என்று அறிவித்தார்கள். பிறகு 2022-இல் நமீபியாவிலிருந்து இரவல் வாங்கிவந்து விட வேண்டியதாயிற்று. காட்டை வெறுமையாக்கியவர் யார்? கூடையோடு திரிந்த குறவனா, யானை மேல் அம்பாரி கட்டிச் சென்ற கோமானா?

கம்பிக்குக் கன்று தெரியாது

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேண்டிய சட்டம், அதை எதிர்ப்பவன் அல்லேன். காடு சுருங்கிய நாட்டில் பழைய வேட்டைக்கு இடம் இல்லை. சிவராத்திரியை ஒட்டித் தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் பாரிவேட்டை என்று முயல் தேடிப் போகும் வழக்கத்தையும், பழமையின் பெயரால் நான் ஆதரிக்க மாட்டேன். பசி போன பின்பும் தொடரும் வேட்டை சடங்கு. சடங்குக்கு உயிர் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வேட்டையைத் தடுத்த சட்டம், வேட்டுவனின் அறிவை என்ன செய்தது? பாம்புத் தோல் வாணிகம் நின்றபோது இருளர் பிழைப்பு நின்றது. 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அரசு இசைவோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடிக்கிறார்கள்; சில வாரம் வைத்து நஞ்சு எடுக்கிறார்கள்; அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து உருவாகிறது. தோலுரித்த கை இன்று உயிர் காக்கிறது! 2023-இல் அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவர்க்கும் பத்மசிறீ விருது கிடைத்தது. வேடன் கொடியவன் என்ற பழைய தீர்ப்பைத் திருத்தி எழுதிய நிகழ்ச்சி அது. எத்தனை பேர் பாராட்டிப் பேசினோம்?

மறுபுறம், வில்லைத் தொட்டறியாத நாகரிக மனிதன் செய்வது என்ன? பன்றிக்கென்று கள்ளத்தனமாக மின்கம்பி கட்டுகிறான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து அனாதையாயின. சேக்கிழார் காட்டிய வேடனுக்குக் கன்று தெரிந்தது, சினை தெரிந்தது. மின்கம்பிக்குக் கன்று தெரியாது, சினை தெரியாது, இரவில் நீர் பாய்ச்சப் போகும் உழவன்கூடத் தெரியாது. கொல்லுகிறவன் கொல்லப்படுவதைப் பார்க்காமலேயே கொல்லும் முறை இது. முற்றத்தில் நின்ற பெண்ணின் அறத்துக்கு நேர் எதிர் இதுதான்.

உழவனை மட்டும் ஏசிப் பயனில்லை. பயிர் போனால் கடன் அவன் கழுத்தை நெரிக்கிறது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று வரையறுத்தது. கொல்ல நேர்ந்தால் எங்கே, யார், எந்த அளவு என்று வரம்பு கட்டுவது சரியான வழி. அந்த வரம்பு தாளில் நில்லாமல் கொல்லை வரை வர வேண்டும். இழப்பீடு உரிய நாளில் கையில் சேர வேண்டும். இல்லையேல் கம்பி மீண்டும் ஏறும்.

நம் ஊரையும் பார்ப்போம். பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் இலட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அன்று ஊன் தொடுவதில்லை. நன்று. ஆனால் அதே மலைக்காட்டிலிருந்து தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமான்கள் தெருநாய்களிடமும் வண்டிச் சக்கரங்களிடமும் உயிர் விடுவது இங்கே புதிய செய்தி அன்று. வழியெங்கும் நாம் எறியும் உணவும் நெகிழிப் பையும் அந்த நாய்களைப் பெருக்குகின்றன. கையில் வில் இல்லை. ஆயினும் மான் சாகிறது. நோன்பு நம் நாக்கைத் தூய்மையாக்கியது, மானைக் காக்கவில்லை.

தோழர்களே! மேடையேறும்போது ஓரியின் அம்பை எண்ணிக் கைதட்டல் வாங்குவதை இனிக் குறைத்துக்கொள்வோம். 320-ஆம் பாட்டை எடுத்துப் படிப்போம், பிறர்க்குச் சொல்வோம். எவன் கொன்றான், எவன் கொல்லவில்லை என்று பிறப்புச் சான்று பார்ப்பதை விடுவோம். தேவைக்கா, பகட்டுக்கா? குட்டியை விட்டானா, விடவில்லையா? பகிர்ந்தானா, பதுக்கினானா? சாவதை நேருக்கு நேர் பார்த்தானா, கம்பியை மாட்டிவிட்டுத் தூங்கப் போனானா? இந்தக் கேள்விகளை வேடனிடமும் கேட்போம், வேந்தனிடமும் கேட்போம், மரக்கறி உண்ணும் மாளிகையிடமும் கேட்போம். அப்போது தெரியும், தினையை இழந்து மானைக் காத்தவள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறாள் என்று.